முதியோர் மருத்துவக் காப்பீடும் அவசர சிகிச்சைச் செலவும்

(இளம் அறிவியல், விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

'வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கரை உடைந்த பிறகு மணல் மூட்டை தேடி ஓடுகிறவனுக்கு வயல் மிஞ்சுவதில்லை. வயலுக்குச் செய்யும் இந்த முன்னேற்பாட்டை, வீட்டில் இருக்கும் முதியவர்களின் உடல்நலத்திற்கு நாம் செய்வதில்லை. எங்கள் வீட்டிலும் செய்யவில்லை.

சென்ற ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். என் தந்தை நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி. இரவு பதினொரு மணிக்கு அவர் நாகூரில் உள்ள எங்கள் வீட்டிற்குத் திரும்பியபோது, எழுபத்திரண்டு வயதான என் அப்பாயி வியர்த்து வழிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. "மூச்சு முட்டுது, வயித்தைப் பிரட்டுது" என்றுதான் சொன்னார். வாய்வுக் கோளாறு என்று எண்ணிச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் பரிசோதித்தார்கள், ஊசி போட்டார்கள், பிராணவாயு வைத்தார்கள். விடியும்வரை வைத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் அடைப்பு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள்.

பில் தொகை 11,400 ரூபாய். தந்தை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையை நீட்டினார். "பெட்டில் அட்மிட் ஆனால்தான் இது செல்லும். அப்சர்வேஷனுக்குச் செல்லாது" என்று பதில் வந்தது. தந்தை அந்த அட்டையையும் பில்லையும் என் கையில் கொடுத்து, "நீ படிச்ச புள்ளதானே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அந்தக் காகிதத்தில் இருந்ததற்கு எனக்குப் பொருள் தெரியவில்லை. அன்று காலை என் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அன்று தெரியாததைப் பிறகு தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை. நம்மில் பலர் வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்கள். காகிதம் படிக்கத் தெரிந்த ஒரே ஆளாக நாம்தான் இருக்கிறோம். ஆகவே இதை நாம் அறிந்திருப்பது நம் கடமை எனக் கருதுகிறேன்.

அவசர சிகிச்சைப் பிரிவு

மருத்துவமனையில் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, மருந்து பெற்று அன்றே வீடு திரும்புபவர் வெளிநோயாளி. படுக்கை ஒதுக்கப்பட்டுத் தங்கிச் சிகிச்சை பெறுபவர் உள்நோயாளி. இவ்விருவருக்கும் நடுவில், இன்னும் எந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இருப்பவரே அவசர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர். நாம் வழக்கத்தில் 'காஷுவாலிட்டி' என்று சொல்லும் இடம் இதுவே.

அங்கு வருகிறவரின் நிலையை முதலில் தரம் பிரிக்கிறார்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் உள்ள விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்கள் உண்டு. உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்பவர் மஞ்சள். நடந்து வந்து காத்திருக்கக்கூடியவர் பச்சை. முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்ற கடைத்தெரு நியாயம் அங்கே இல்லை. ஆபத்து அதிகம் உள்ளவருக்கே முதலிடம்.

இங்கே செலவாவது எவற்றுக்கு? ஆம்புலன்ஸ், மருத்துவர் கட்டணம், ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி மருந்து, பிராணவாயு ஆகியவற்றுக்கு. தனியார் மருத்துவமனையில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பில்லில் ஏறும். சிலமணி நேரத்தில் பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடும்.

முதுமையும் முதல் மணி நேரமும்

இளைஞருக்கு மாரடைப்பு வந்தால் பெரும்பாலும் நெஞ்சு வலி தெரியும். முதியவர்களுக்கும், நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், மயக்கம், திடீர்த் தடுமாற்றம் ஆகியவையே அடையாளங்களாக இருக்கும். அப்பாயி "வயித்தைப் பிரட்டுது" என்றபோது சொன்னது இதைத்தான். கேட்ட எங்களுக்குத்தான் புரியவில்லை.

மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுகிறது. அடைபட்ட நேரம் முதல் தசை சாகத் தொடங்குகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் தரப்படுகிறது. எவ்வளவு முந்தித் தரப்படுகிறதோ அவ்வளவு பயன். மூளையில் இரத்தக் கட்டி அடைப்பதால் வரும் பக்கவாதத்திற்கு இக்கெடு இன்னும் குறுகியது, நாலரை மணி நேரம். அதற்குள் ஸ்கேன் எடுத்து, கசிவா அடைப்பா என்று பார்த்தே மருந்து தர வேண்டும்.

ஆகவே முதியவர் ஒருவரின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரம். காப்பீட்டு நிறுவனமோ பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றியே ஒப்பந்தம் செய்திருக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு

நம் நாட்டில் பொதுக் காப்பீடு 1973-ஆம் ஆண்டு நாட்டுடைமை ஆயிற்று. அதன் நான்கு அரசு நிறுவனங்களும் 1986-இல் 'மெடிக்ளெய்ம்' என்ற மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான செலவை ஈடு செய்வதே அதன் நோக்கம். இன்று எத்தனையோ நிறுவனங்கள், எத்தனையோ பாலிசிகள் வந்துவிட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. குறைந்தது தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்' என்று பாலிசி ஒப்புக்கொள்ளும். கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்றவை ஒரே நாளில் முடிந்தாலும் 'பகல்நேரச் சிகிச்சை' என்ற பெயரில் அவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. அவசரப் பிரிவில் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவது அந்த விலக்கில் சேராது. வெளிநோயாளிச் செலவையும் ஏற்பதாகத் தனியே எழுதப்பட்ட பாலிசி இருந்தாலொழிய அச்செலவு நம்முடையதே.

'மருத்துவமனை' என்பதற்கும் வரையறை உண்டு. பத்து லட்சத்திற்குக் குறைந்த மக்கள் தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும், மற்ற ஊர்களில் 15 படுக்கைகளும், இரவு பகல் முழுதும் தகுதி பெற்ற செவிலியரும் மருத்துவரும் இருக்க வேண்டும். தெருமுனைக் கிளினிக்கில் இரண்டு கட்டில் போட்டு குளுக்கோஸ் ஏற்றுவதற்குக் காப்பீடு கிடைக்காததன் காரணம் இதுவே.

அதே நேரத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. நோயாளி அவசரப் பிரிவிலிருந்து படுக்கையில் சேர்க்கப்பட்டுவிட்டால், அதே நோய்க்காக முன்னர் ஆன செலவும் காப்பீட்டிற்குள் வந்துவிடும். பெரும்பாலான பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் என்று இதற்குக் கெடு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் விற்கும்படி அமைக்கப்பட்ட 'ஆரோக்ய சஞ்ஜீவனி' பாலிசியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆம்புலன்சுக்கு 2,000 ரூபாய் வரையே கிடைக்கும். அறை வாடகை ஒரு நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகம் போனால் 5,000 ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதிகம் போனால் 10,000 ரூபாய். ஏற்கப்பட்ட தொகையில் 5 சதவீதத்தை நோயாளியே கொடுக்க வேண்டும்.

மூன்று லட்சம் ரூபாய்க்கு இந்தப் பாலிசி எடுத்த இரு முதியவர்கள் ஒரே இரவில் அவசரப் பிரிவுக்கு வருவதாகக் கொள்வோம். கீழே வரும் பில் தொகைகள் கணக்கிற்காக நான் வைத்துக்கொண்டவை. இருவருக்கும் ஆம்புலன்ஸ் 2,500 ரூபாய், பரிசோதனைகள் 9,000 ரூபாய் ஆகின்றன.

முதலாமவர் சேர்க்கப்படுகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டு நாளுக்கு 18,000, சாதாரண அறை இரண்டு நாளுக்கு 8,000, மருத்துவர் கட்டணமும் மருந்தும் 40,000. மொத்தம் 77,500 ரூபாய். இதில் ஆம்புலன்சில் 500 ரூபாய் கழியும். கையுறை, பஞ்சு போன்ற ஏற்கப்படாத பொருள்களுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதுவும் கழியும். மீதி 75,000-இல் 5 சதவீதமான 3,750 ரூபாய் அவர் பங்கு. நிறுவனம் 71,250 ரூபாய் தரும். அவர் கையிலிருந்து போவது 6,250 ரூபாய்.

இரண்டாமவரை ஒன்பது மணி நேரம் வைத்துப் பார்த்து வீட்டிற்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் பில் 11,500 ரூபாய் மட்டுமே. அது முழுவதும் அவர் கையிலிருந்தே போகும்.

பெரிய பில்லுக்குச் சிறிய செலவும், சிறிய பில்லுக்குப் பெரிய செலவும் ஆவதை இங்கே காண்கிறோம். இதைப் பார்த்து, 'அப்படியானால் தேவையில்லாவிட்டாலும் படுக்கையில் சேர்ந்துவிடலாமே' என்று சிலர் எண்ணலாம். அது தவறு. பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்வதைப் பாலிசி வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. பொய்யாகச் சேர்ந்தால் கிளைமும் போகும், பணமும் போகும்.

முதியோர்க்குரிய நிபந்தனைகள்

முதியோருக்கென்றே விற்கப்படும் பாலிசிகள் சிலவற்றில் நோயாளியின் பங்கு 5 சதவீதம் அல்ல, 20 சதவீதமும் அதற்கு மேலும் உண்டு. மேற்கண்ட முதலாமவருக்கு 20 சதவீதம் என்றால் அவர் பங்கு மட்டும் 15,000 ரூபாய். கையிலிருந்து போவது மொத்தம் 17,500 ரூபாய்.

அடுத்தது காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பு முன்பு 4 ஆண்டு வரை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது அதிகம் போனால் 3 ஆண்டு என்று குறைக்கப்பட்டது. சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இருப்பதை மறைத்துப் பாலிசி எடுப்பவர்கள், மாரடைப்பு வந்த இரவில் அதன் விலையைத் தருவார்கள். ஐந்து ஆண்டுகள் விடாமல் கட்டிவந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, மறைத்தார் என்ற காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது.

முதியோருக்குச் சாதகமான மாற்றங்களும் அண்மையில் வந்துள்ளன. 65 வயதைக் கடந்தவருக்குப் புதிய பாலிசி கிடைப்பதே முன்பு அரிது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த வயதுத் தடையை நீக்கிற்று. முன்பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திற்குள்ளும் நிறுவனம் தர வேண்டும் என்று அதே ஆண்டு மே மாதம் ஆணையிட்டது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் ஓராண்டில் 10 சதவீதத்திற்கு மேல் உயர்த்தக்கூடாது என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின்மீது இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

அரசின் திட்டங்கள்

பிரீமியம் கட்ட வசதியில்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அரசின் திட்டங்களே துணை. தமிழகத்தில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-இல் அது மத்திய அரசின் பிரதமர் மக்கள் நல மருத்துவக் காப்பீட்டுடன் இணைக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக 2022-இல் உயர்த்தப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே இங்குக் காப்பு உண்டு. முதியோருக்கு இது பெரிய வசதி.

இத்திட்டம் பட்டியல் முறையில் இயங்குகிறது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விலை குறித்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்காக, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. அவசர நேரத்தில் மருத்துவமனை தொலைபேசி மூலம் அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கவும் வழி உண்டு. சிகிச்சை இல்லாமல் வைத்துப் பார்த்து அனுப்பும் செலவு இப்பட்டியலுக்குள் அடங்குவதில்லை. எங்கள் அட்டை அன்றிரவு செல்லாமல் போனதன் பொருள் இப்போது எனக்கு விளங்குகிறது.

இன்னொரு குறிப்பு. இத்திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர். பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். மாதம் ஒரு மகன் வீட்டில் சாப்பிடும் தாயின் பெயர் எந்த மகன் அட்டையிலும் இல்லாமல் போவதுண்டு. சோற்றைப் பங்கு போட்டுக்கொண்ட பிள்ளைகள் பெயரைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

70 வயதைக் கடந்த எல்லாருக்கும், வருமானம் பாராமல், 5 லட்சம் ரூபாய் காப்பு என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டையை அறிமுகப்படுத்தியது. இதற்கு ஆதார் அட்டை போதுமானது. இந்த மத்தியத் திட்டத்தின் விதியிலும் உள்நோயாளியாகச் சேர்வதே அடிப்படை. சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவும் அடங்கும்.

தமிழக அரசு ஓய்வூதியர்களுக்குத் தனித்திட்டம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நான்கு ஆண்டுகளுக்கு என்று வந்த திட்டத்தில், ஓய்வூதியத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்துக்கொண்டு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கப்பட்டது.

படுக்கைக்கு முந்தைய நேரத்தையே குறிவைத்த திட்டங்களும் நம் மாநிலத்தில் உண்டு. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பர் 15 முதல் இலவசமாக ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழகச் சாலையில் விபத்துக்குள்ளாகும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை கேட்பதில்லை, வருமானம் கேட்பதில்லை, எந்த ஊர் என்றும் கேட்பதில்லை. கந்தூரிக்கு நாகூர் வரும் வெளிமாநிலத்தவர் சாலையில் அடிபட்டாலும் இது பொருந்தும். ஆனால் இது விபத்துக்கு மட்டுமே, மாரடைப்புக்கு அல்ல. மாரடைப்புக்கு 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற்கட்ட மாத்திரைகளைத் தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே அவசரப் பிரிவில் வைத்துப் பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் வேறுபாடு பார்த்துப் பில் போடுவதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி 2010-இலும் வந்தன. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாகப்பட்டினமும் ஒன்று. எண்பது கிலோமீட்டருக்கு மேல் தஞ்சைக்கு ஓடிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கட்டினால்தான் கை வைப்போம் என்று அவசர நேரத்தில் ஒரு மருத்துவர் சொல்லலாமா? 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, மற்ற நடைமுறைகள் அதன் பின்னரே என்று தீர்ப்பளித்தது. 1992-இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, இடமில்லை, வசதியில்லை என்று சொல்லி அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996-இல், அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று அரசு காரணம் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறிற்று.

சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தனியார் மருத்துவமனையில் பில்லை யார் கட்டுவது என்பதை அது தீர்க்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தோடுகள் அடகுக்குப் போகின்றன.

பிற நாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான 'மெடிகேர்' என்னும் அரசுக் காப்பீடு 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'ஏ' பகுதி உள்நோயாளிக்கு, 'பி' பகுதி வெளிநோயாளிக்கு. அவசரப் பிரிவுச் செலவு 'பி' பகுதியில் சேரும். முதல் கழிவுத் தொகை போக, மருத்துவர் கட்டணத்தில் 20 சதவீதத்தையும், மருத்துவமனைக்கு ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பங்கையும் முதியவர் கட்ட வேண்டும். அதே நோய்க்காக மூன்று நாளுக்குள் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அவசரப் பிரிவுக்கு வந்தது உள்நோயாளிச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டு அந்த வருகைப் பங்கு தள்ளுபடியாகும். அங்கும் இரவு முழுதும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தும் 'பார்வையில் மட்டும் இருந்தார்' என்று எழுதப்பட்டதால் அதிகம் செலவழித்த முதியவர்கள் உண்டு. ஆயினும் வெளிநோயாளிச் செலவையும் காப்பீட்டின் ஒரு பகுதி ஏற்கிறது என்பது அங்குள்ள சிறப்பு. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய மருத்துவப் பணியில் அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியிடம் பில்லே இல்லை. நம் அரசு மருத்துவமனைகள் இந்தப் பிரிட்டிஷ் முறைக்கு நெருக்கமானவை.

நாம் செய்ய வேண்டியவை

1. முதியவருக்குத் திடீரென மூச்சுத் திணறல், வியர்வை, மயக்கம், வாய் கோணல், கை கால் தளர்ச்சி வந்தால் கை வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

2. காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை நகல், தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

3. முதியவரின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு, வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தை அணுகலாம்.

4. நம் பகுதியில் எந்தெந்த மருத்துவமனைகள் திட்டத்தில் உள்ளன என்பதை நோய் வருமுன் கேட்டு வைக்க வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம்.

5. தனியார் மருத்துவமனையில் நின்றால், "உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறீர்களா, பார்வையில் வைத்திருக்கிறீர்களா?" என்று தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். சேர்ந்த நேரம் எழுதிய சீட்டையும், எல்லாப் பில்களின் அசலையும் வாங்கி வைக்க வேண்டும்.

6. தனியார் பாலிசி இருந்தால், அவசரமாகச் சேர்ந்த 24 மணி நேரத்திற்குள் நிறுவனத்திற்குத் தகவல் தர வேண்டும். கிளைம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு, அதிலும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

முடிவுரை

அன்று காலை 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற அப்பாயி, ஆறு நாள் அங்கே இருந்து பிழைத்து வந்தார். அங்கே ஒரு ரூபாய் கேட்கவில்லை. முதலிலேயே அங்கே போயிருந்தால் இரவு முழுதும் வீணாகியிராது, 11,400 ரூபாயும் மிஞ்சியிருக்கும். இதற்காக என் தந்தை தம்மையே நொந்துகொள்கிறார். தவறு அவருடையது மட்டும் அல்ல. மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர் அவர். படித்த நான், வீட்டுப் பெட்டியில் மூன்று ஆண்டுகளாகக் கிடந்த அந்த அட்டையை ஒருநாளும் எடுத்துப் படித்ததில்லை.

இப்போது அந்த அட்டை காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் உறையில் தொங்குகிறது. உறையின்மேல் 108 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தறியாத அப்பாயிக்கு அந்த மூன்று எண்களையும் அடையாளம் காட்டிக் கொடுத்திருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு அவரவர் அட்டையைப் படித்துச் சொன்னேன். ஒரு பாட்டியின் பெயர் எந்த மகன் அட்டையிலும் இல்லை. அவர் மகனோடு சென்று பெயர் சேர்க்க மனுக் கொடுத்து வந்தோம்.

மாணவ நண்பர்களே, படுக்கையில் சேர்ந்த பிறகு காப்பீடு நம்மைப் பார்த்துக்கொள்ளும். படுக்கைக்கு முந்தைய நேரத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அட்டையை எடுத்துப் படியுங்கள். என் தாயின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தோடாவது காதிலேயே இருக்கட்டும்.